மூக்குக்குப் பழகினால் உடலுக்குப் பழகுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

அழகான பெண்ணை ‘மூக்கும் முழியுமாக இருக்கிறாள்’ என்று புகழ்கிறோம். வாதத்தில் தோற்றவனை ‘மூக்கறுபட்டான்’ என்கிறோம். விருந்தில் மூக்கு முட்ட உண்கிறோம். வியப்பு வந்தால் மூக்கின்மேல் விரலை வைக்கிறோம். பேச்சு வழக்கில் இத்துணை இடம் பிடித்துக்கொண்ட மூக்கிற்கு நம் சிந்தனையில் இடம் உண்டா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். கண் சற்று மங்கினால் கண்ணாடி வாங்குகிறோம். பல் கூசினால் மருத்துவரைத் தேடுகிறோம். மூக்கிற்கோ சளி பிடித்தால் ஒரு கைக்குட்டை, அவ்வளவே!

நம் முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியர் தொடுவுணர்வை முதலாவதாகவும், சுவையை இரண்டாவதாகவும், மூக்கால் அறிவதை மூன்றாவதாகவும் வைத்தார். கறையானையும் எறும்பையும் மூவறிவு உயிர்கள் என்றார். முன்னே சென்ற எறும்பு விட்டுச் சென்ற வாசனைத் தடத்தைப் பற்றிக்கொண்டே பின்னே வரும் எறும்புகள் வரிசை பிடிக்கின்றன என்று இன்றைய விலங்கியலில் படிக்கும்போது, அந்தப் பகுப்பின் நுட்பம் நம்மைத் தலைவணங்க வைக்கிறது.

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. மூக்கு சிறந்த காவலன். ஆனால் அந்தக் காவலனுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையை அறியாமல், ‘வாடை பழகிவிட்டது, தூசி பழகிவிட்டது’ என்று நாம் சொல்லிக்கொள்வது அறியாமை மட்டுமன்று, ஆபத்துங்கூட. இதனை விளங்கிக்கொள்ள, முதலில் மூக்கின் உள்ளே சென்று பார்ப்போம்.

வீட்டின் அமைப்பு

வெளியே தெரியும் மூக்கு வெறும் முகப்புதான். உண்மையான மூக்கு அதன் பின்னே இருக்கும் நாசிக்குழி. அதன் தரை நம் வாயின் மேலண்ணம்; அதன் கூரைக்கு மேலே இருப்பது மூளை. நடுவே ஒரு சுவர் நின்று குழியை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. இந்த இடைச்சுவரின் முன்பகுதி குருத்தெலும்பு; பின்பகுதி எலும்பு. சுவரின் முன்பகுதியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. கோடைக்காலத்தில் சிறுவர்களுக்கு ‘சில்லுமூக்கு’ உடைந்து இரத்தம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பக்கச் சுவர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என மூன்று சுருள் எலும்புகள் திண்ணைபோல் உள்நோக்கி நீண்டிருக்கின்றன. இவற்றின் வடிவத்தைக் கண்ட மேனாட்டு உடற்கூற்று அறிஞர்கள், இலத்தீன் மொழியில் சங்கைக் குறிக்கும் சொல்லையே இவற்றுக்குப் பெயராக இட்டனர். ஏன் இந்தச் சுருள்கள்? நேரான குழாயாக இருந்தால் காற்று உட்சுவரைத் தொடாமலே ஓடிவிடும். சுருள்கள் குறுக்கிடுவதால் காற்று சுழன்று, ஈரச் சுவர்களில் உராய்ந்து செல்கிறது. ஒரு விரல் நீளமே உள்ள இந்தப் பாதையில், இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் பரப்புக் கிடைப்பது இவற்றால்தான்.

கண்ணீர்ப் பையிலிருந்து வரும் குழாய் கீழ்ச் சுருளின் அடியில் திறக்கிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவதன் காரணம் இதுவே. நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள எலும்புகளுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. ‘எனக்கு சைனஸ்’ என்று நாம் நோயின் பெயராகச் சொல்வது உண்மையில் இந்த அறைகளின் பெயர். கன்னத்து அறையின் வாசல் அடியில் இல்லாமல் மேற்பகுதியில் அமைந்திருக்கிறது. மேலே வாசல் வைத்த தொட்டியில் நீர் எவ்வாறு தேங்குமோ, அவ்வாறே அங்குச் சளி தேங்குகிறது. மூக்கின் பின்புறம் காதிலிருந்து வரும் குழல் திறக்கிறது. சளி பிடித்தால் காது அடைப்பது அதனால்தான்.

ஓயாத தொழிற்சாலை

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்குச் சுமார் 15 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் காற்று எனக் கொண்டால், நிமிடத்திற்கு ஏழரை லிட்டர். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10,000 லிட்டருக்கும் மேல்! இத்தனை காற்றையும் மூக்கு மூன்று வேலைகள் செய்து உள்ளே அனுப்புகிறது.

முதல் வேலை, வெப்பமூட்டல். சுருள்களின் மேற்படலத்தின் கீழ் இரத்தம் நிரம்பிய பைகள் உள்ளன. கொடைக்கானலின் மார்கழிக் குளிர்காற்றும் ஒரு நொடிக்குள் உடல் வெப்பத்தை நெருங்கித்தான் தொண்டையை அடைகிறது. இரண்டாவது, ஈரமூட்டல். வறண்ட காற்று நுரையீரலின் மெல்லிய சுவருக்குப் பகை. ஆகவே வழியிலேயே நீராவி சேர்க்கப்படுகிறது. மூச்சு வெளியேறும்போது அந்த ஈரத்தில் ஒரு பகுதியை மூக்கு திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இத்தகைய சிக்கனத்தை எந்த நிதியமைச்சரிடம் காண முடியும்?

மூன்றாவது, வடிகட்டல். வாசலில் உள்ள முடிகள் பெரிய துகள்களைத் தடுக்கின்றன. தப்பியவை பசைபோன்ற கோழைப் படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. படலத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, கோழையைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. காற்றில் ஆடும் நெல்வயலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அலைதான் நம் மூக்குக்குள் இரவும் பகலும் ஓடுகிறது. தொண்டைக்கு வந்த கோழையை நாம் அறியாமலே விழுங்குகிறோம். வயிற்றின் அமிலம் கிருமிகளை முடித்துவிடுகிறது.

நாம் அருவருக்கும் இந்தச் சளியிலிருந்துதான் ஓர் அரிய கண்டுபிடிப்புத் தோன்றியது. பெனிசிலினைக் கண்டறிந்து உலகப் புகழ் பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1922-இல், அலெக்சாண்டர் பிளெமிங் மூக்குச் சளியில் பாக்டீரியாக்களைக் கரைக்கும் பொருள் ஒன்று இருப்பதை வெளியிட்டார். லைசோசைம் என்பது அதன் பெயர்.

இரண்டு நாசிகளும் எப்போதும் ஒரே அளவில் மூச்சு விடுவதில்லை என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துச் சுருள் வீங்கிச் சற்று அடைத்துக்கொள்ள, மற்றப் பக்கம் திறந்திருக்கும். சில மணி நேரம் கழித்து முறை மாறும். 1895-இல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதனை விவரித்தார். நம் யோகியரோ இடகலை, பிங்கலை என்று பெயரிட்டு, மூச்சு நாசி மாறுவதை நெடுங்காலம் முன்பே கவனித்திருந்தனர். அவர்கள் கண்ட பயன்களையெல்லாம் அறிவியல் ஏற்கிறது என்று நான் சொல்லவில்லை. தம் மூக்கையே ஓர் ஆய்வுக்கூடமாக வைத்துக் கூர்ந்து நோக்கிய அந்தப் பொறுமையையே போற்றுகிறேன்.

மணம் அறியும் மாடம்

நாசிக்குழியின் உச்சியில், இரு பக்கமும் சேர்த்தால் ஓர் அஞ்சல் தலை அளவே உள்ள பகுதியில்தான் முகரும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் இழைகள் சல்லடைபோல் துளைத்த எலும்பின் வழியே நேரே மூளைக்குள் நுழைகின்றன. வெளிக்காற்று நரம்பணுவை நேரடியாகத் தொடும் இடம் இது. மணங்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளுக்குரிய மரபணுக் குடும்பத்தை 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் இவற்றில் சுமார் 400 வகைகள் செயல்படுகின்றன. ஒரு மணம் பல ஏற்பிகளைத் தூண்டுகிறது. சில எழுத்துகளைக் கொண்டு எண்ணற்ற சொற்களை ஆக்குவதுபோல, இந்தக் கூட்டுகளைக் கொண்டு எண்ணற்ற மணங்களை மூளை பிரித்தறிகிறது.

இவ்வுணர்வின் அருமையை உலகம் 2020-இல் உணர்ந்தது. கொரோனா கண்ட பலருக்குக் காப்பியின் மணமும் மல்லிகையின் மணமும் மறைந்தன. உணவு வைக்கோலாயிற்று, ஏனெனில், நாம் ‘ருசி’ என்பதில் பெரும்பகுதி வாயின் பின்வழியே மூக்கிற்கு ஏறும் மணமே. அடுப்பில் பால் பொங்கித் தீய்வதையும் எரிவாயு கசிவதையும் அறிய முடியாமல் அவர்கள் தவித்தார்கள். மணம் என்பது இன்பப் பொருள் மட்டுமன்று, எச்சரிக்கை மணியும் ஆகும் என்பது அப்போது விளங்கிற்று.

இதே பாடத்தை ஒரு பள்ளிக்கூடம் பெரும் விலை கொடுத்துக் கற்பித்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளியில் 1937 மார்ச் 18 அன்று, கசிந்து தேங்கிய இயற்கை வாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாணவர்கள். அந்த வாயுவுக்கு வாசனையே இல்லை. ஆகவே ஒருவரும் அறியவில்லை. அதன் பிறகே வாயுவில் நாற்றப் பொருள் கலக்க வேண்டும் என்று அங்குச் சட்டம் வந்தது. நம் வீட்டுச் சிலிண்டர் வாயுவின் வாடையும் அதன் சொந்த வாடை அன்று. நம் மூக்கை எழுப்புவதற்காக வேண்டுமென்றே சேர்க்கப்படும் மெர்காப்டனின் வாடை.

காவலன் கண்ணயரும் இடம்

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி தொடங்குகிறது. ஊதுவத்தி ஏற்றிய அறைக்குள் நுழைந்தவுடன் மணம் தெரிகிறது. சில நிமிடங்களில் தெரியாமற் போகிறது. வத்தி அணைந்துவிடவில்லை. முகரும் நரம்பணுக்களும் மூளையும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சோர்ந்து, அதனை ஒதுக்கிவிடுகின்றன. புதிய வாடை வந்தால் உடனே அறிவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. சுருங்கக் கூறின், மூக்கு மாற்றத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது.

நாமோ மூக்கு மௌனமானதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். இதனினும் பெரிய பிழை உண்டோ? அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொள்வோம். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உப்புகளைப் பகுத்தறிந்த எவரும் மறக்க இயலாத வாடை அது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதனைக் கண்டுகொள்ளும். ஆனால் 100 பங்கை எட்டினால் முகரும் நரம்பே செயலற்றுப் போகிறது, நாற்றம் மறைகிறது. 500 பங்குக்கு மேல் சென்றால் ஆளையே சாய்த்துவிடும். அதாவது, நஞ்சு கூடும்போது எச்சரிக்கை நின்றுவிடுகிறது!

கழிவுநீர்த் தொட்டிகளில் நிகழும் மரணங்களின் இரகசியம் இதுதான். இவ்வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்குகிறது. சேற்றைக் கலக்கியதும் குபீரென்று மேலெழுகிறது. முதலில் இறங்கியவர் சாய்கிறார். ‘இப்போது வாடை ஒன்றும் இல்லையே’ என்று அவரைத் தூக்க இறங்கியவரும் சாய்கிறார். வாடையைத் தாங்குவதற்கென்று குடித்துவிட்டு இறங்கும் பழக்கமும் உண்டு. உள்ள ஒரு காவலனையும் கட்டிப்போட்டுவிட்டு இறங்குவதற்கு அது சமம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்நிலைக்கு அவர்களைத் தள்ளிய நம் சமுதாயத்தைத்தான் குறை சொல்கிறேன்.

தூசியின் கதை

தூசியிலும் இதே கதைதான். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை மூக்கு பெரும்பாலும் பிடித்துவிடும். ஐந்து மைக்ரானுக்குக் குறைந்தவற்றில் பல தப்பி உள்ளே செல்லும். நம் கண்ணுக்குத் தெரிந்து, நம்மைத் தும்ம வைக்கும் தூசியைவிட, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கும் தூசியே கொடியது. மேலும், பாரம் தூக்குபவர், கல் உடைப்பவர் போன்றோருக்கு மூக்கின் வழி வரும் காற்றுப் போதாது. வாயால் மூச்சு வாங்குவர். அப்போது முடியும் இல்லை, சுருளும் இல்லை. வடிகட்டியே இல்லாத வழி. காவல் மிகுதியாகத் தேவைப்படும் உழைப்பாளிக்கே காவல் இல்லாமற் போகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் பருத்தி ஜின்னிங் ஆலையில் வேலை செய்கிறார். ‘தூசி தொந்தரவு செய்யவில்லையா அப்பா?’ என்று கேட்டால், ‘இருபது வருசமாச்சு, பழகிப்போச்சுப்பா’ என்பார். அவர் மட்டுமல்லர், அந்த ஆலையில் யாரைக் கேட்டாலும் இதே விடைதான். வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லமோ ஒரு வாழைப்பழமோ தின்றால் தூசி இறங்கிவிடும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் உண்டு. வெல்லம் செல்வது உணவுக்குழாயில். தூசி சென்றது மூச்சுக்குழலில். வேறு வேறு சாலையில் போகும் இரண்டு வண்டிகள் எங்கே சந்திக்கும்?

‘பழகிப்போச்சு’ என்ற சொல்லுக்கு மருத்துவ நூல் வேறு பொருள் சொல்கிறது. பருத்தித் தூசியால் வரும் நோய்க்கு பைசினோசிஸ் என்று பெயர். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாள்களில் இறுக்கம் குறையும். தொழிலாளி இதனைப் பழக்கம் என்று எண்ணுகிறார். ஆண்டுகள் செல்லச் செல்ல, குறைந்த இறுக்கம் வாரம் முழுவதும் நீடிக்கிறது. முடிவில் மூச்சுத் திணறல் நிலைத்துவிடுகிறது. தொழிலாளரின் நோய்களைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ரமசினி நூல் எழுதியது 1700-இல். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் வெல்லத்தை நம்பிக்கொண்டிருக்கலாமா?

குரோமிய முலாம் பூசும் பட்டறைகளைப் பாருங்கள். அந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களின் மூக்கிடைச் சுவர் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு ஓட்டை விழுவதுண்டு. பெரும்பாலும் வலியே இருக்காது. வலிக்கவில்லை என்பதால் தீங்கு இல்லை என்று ஆகிவிடுமா?

நாம் செய்ய வேண்டுவன

‘படிப்பறிவு இல்லாதவர்கள் அப்படித்தான்’ என்று சொல்லிக் கடந்துபோக நமக்கு உரிமை இல்லை. நம் ஆய்வுக்கூடத்திலேயே தொடங்குவோம். சோதனைக் குழாயை நேரே மூக்கில் வைத்து முகராமல், கையால் ஆவியைச் சிறிது வீசிக்கொண்டு முகர்வது நூலில் உள்ள விதி. அதனைத் தேர்வுக்கு மட்டும் கற்காமல் நாள்தோறும் கைக்கொள்வோம். சன்னல்களைத் திறந்து வைப்போம். புகையை வெளியேற்றும் விசிறி எங்கே ஓடவில்லையோ, அங்கே அதனைச் சரிசெய்யும்படி மாணவரும் பேராசிரியரும் சேர்ந்தே கேட்போம். நாள் முழுதும் அவ்வறையில் நிற்கும் ஆய்வக உதவியாளரின் மூக்கும் மூக்குத்தானே?

அடுத்து, தொழிற்கூடங்கள். ‘முகமூடி கட்டினால் புழுங்குகிறது, வேலை ஓடாது’ என்று தொழிலாளர் சொல்வது உண்மை. வெயிலில் நின்று பார்த்தவர் அதனை மறுக்க மாட்டார். ஆகவே பழி முழுவதையும் முகமூடி கட்டாதவர்மேல் போடுவது நேர்மை ஆகாது. தூசி பிறக்கும் இடத்திலேயே அதனை உறிஞ்சி வெளியேற்றுவது முதலாளியின் கடமை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தன் 14-ஆம் பிரிவில் இதனை வலியுறுத்தியது. முகமூடி அதற்குத் துணையே அன்றி, அதற்கு ஈடு அன்று. அதிலும் தோள்துண்டு நுண்தூசியைத் தடுக்காது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி நச்சு வாயுவைத் தடுக்காது. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல அறிவியல் மாணவர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

மூன்றாவதாக, கழிவுநீர்த் தொட்டிகள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது சரியே. ஆனால் போன உயிருக்கு விலை ஏது? 2018-இல் கேரளத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் சிலர், ஆளுக்குப் பதிலாகக் குழிக்குள் இறங்கும் ‘பாண்டிகூட்’ என்ற இயந்திரத்தைச் செய்து காட்டினார்கள். வழி இல்லாமல் இல்லை, மனம்தான் வேண்டும். நம் தெருவில், நம் வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்குவதில்லை என்று நாம் ஒவ்வொருவரும் உறுதி கொள்ளலாம் அல்லவா?

கடைசியாக ஒன்று. நம்மில் பலர் வீட்டிற்கு முதல் பட்டதாரிகள். வகுப்பில் நாம் படிக்கும் குற்றிழையும் சுருள் எலும்பும் தேர்வுத்தாளோடு முடிந்துவிட்டால் அக்கல்வியால் யாருக்கு என்ன பயன்? பெற்றோர் கூலி வேலை செய்து கட்டிய கட்டணத்திற்கு நாம் செலுத்தும் முதல் வட்டி, அவர்களின் மூச்சைக் காக்கும் செய்தியை அவர்களுக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்வதே ஆகும்.

தமிழில் நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று கெட்ட வாடையை மட்டும் குறிக்கிறது. சொல் தேய்ந்ததுபோல் நம் உணர்வும் தேய்ந்துவிடலாகாது. மூக்கு தன் கடமையை ஒரு முறை செய்து ஓய்கிறது. அது ஓய்ந்த இடத்திலிருந்து அறிவு விழித்திருக்க வேண்டும். ‘பழகிவிட்டது’ என்று யார் சொன்னாலும், ‘மூக்குக்கா, உடலுக்கா?’ என்று திருப்பிக் கேட்போம், நண்பர்களே!